நாரையின் வாயில் விலாங்கு

நாரையின் வாயில் இருக்கும் விலாங்கு மீனை எடுத்துவிடுவதா, அப்படியே விடுவதா என்று அந்தக் கமிட்டி ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசியது. அதற்குள் மிஸ் எனிட் தோர்ப்புக்குப் பறவை என்றாலே எரிச்சல் வந்துவிட்டது. காலையில் ஜன்னலுக்கு வெளியே புறா கூவினால்கூடத் திரையை இழுத்து மூடினாள்.

வினை லண்டனில் தொடங்கியது. எழுபத்து நான்காம் வருடம் அரசாங்கம் நாடு முழுக்க இருந்த மன்றங்களைக் கலைத்து, சின்ன ஊர்களைச் சேர்த்துச் சேர்த்து ஒட்டியது. அப்படித்தான் வெல்மர் ஆற்றின் இந்தக் கரையிலிருந்த ஹெர்ன்பியும் அந்தக் கரையிலிருந்த எல்மர்ஷும் ஒரே நகரமன்றத்தின் கீழ் வந்தன. நடுவே ஒரு பாலம்தான். ஒரு சிகரெட் தீர்வதற்குள் நடந்து கடந்துவிடலாம். ஆனால் ஹெர்ன்பிப் பையன் எல்மர்ஷில் பெண் எடுத்தால் அவன் அம்மா ஒரு வாரம் தேவாலயத்துக்கே வரமாட்டாள்.

புது மன்றம் வந்தால் புது மேயர். புது மேயர் வந்தால் அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்க ஒரு பதவிப் பதக்கம். பழைய பதக்கங்கள் இரண்டும் செல்லாது. புதிதாக ஒன்றை வடிவமைத்து, லண்டனில் அரசியின் பெயரால் சின்னங்கள் வழங்கும் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். மன்றச் செயலர் என்ற முறையில் அந்த வேலை எனிட் தலையில் விழுந்தது. சாக்கடைக் குழாய், குப்பை வண்டி, கல்லறை இடம் என்று எல்லாத் தகராறையும் பார்த்தவள் அவள். இது ஒரு மத்தியான வேலை என்று நினைத்துவிட்டாள்.

ஹெர்ன்பியின் பழைய பதக்கத்தில் ஒரு நாரை. வாயில் ஒரு விலாங்கு துடித்துக்கொண்டிருக்கும். எல்மர்ஷின் பழைய பதக்கத்தில் விலாங்கு மட்டும். அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் மடாலயத்துக்கு வாடகையையே விலாங்காகக் கட்டியவர்கள். அதாவது, ஒரு ஊரின் சின்னத்தை இன்னொரு ஊரின் சின்னம் தலைமுறை தலைமுறையாகத் தின்றுகொண்டிருந்தது. சந்தைக் கட்டடத்தின் நெற்றியில், தீயணைப்பு வண்டியின் கதவில், குப்பைத் தொட்டியின் மூடியில்கூட அந்தச் சாப்பாடு நடந்தது.

இதற்கென்று போட்ட கமிட்டியில் ஹெர்ன்பிப் பக்கம் பேசியவர் கவுன்சிலர் பெர்சி கார்ஃபோர்த். கடைவீதியில் கறிக்கடை வைத்திருந்தார். பன்றிக்கறி வாங்கப் போனால் கால் மணி நேரம் ஊர்ப் பெருமையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். எல்மர்ஷ் பக்கம் திருமதி ஆல்மா டாப்ஸ். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் தலைமை. முந்நூறு பிள்ளைகளைக் கரண்டி தூக்காமலே அடக்குகிறவர். புது மன்றத்தின் முதல் மேயர் ஆல்மா, அடுத்த வருடம் கார்ஃபோர்த் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அது ஒன்றுதான் சண்டையில்லாமல் முடிந்தது.

"அந்த மீன் அங்கதான் இருக்கு, எங்க தாத்தா காலத்துக்கு முன்னாலேர்ந்து. இதுவரைக்கும் யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார் கார்ஃபோர்த்.

"மீனைக் கேட்டீங்களா?" என்றார் ஆல்மா.

"அது அழகுக்காக வெச்சதும்மா."

"அப்ப அழகுக்கு உங்க பறவைய எங்க மீன் முழுங்கற மாதிரி போட்டுக்கலாமா?"

"மீன் எப்படிப் பறவைய முழுங்கும்? இயற்கைன்னு ஒண்ணு இருக்குல்ல!"

"கமிட்டி உறுப்பினர்கள் தலைவரைப் பார்த்துப் பேசவும்," என்றாள் எனிட். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை புண்ணாகியிருந்தது. தலைவராக இருந்த பாதிரியாரோ கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார், அல்லது தூங்கிக்கொண்டிருந்தார்.

வசந்தம் பிறந்ததும் லண்டன் அலுவலகத்திலிருந்து திரு. லயனல் விண்டர் என்பவர் வந்தார். ஒல்லியாக, நீளமாக, மூக்கும் நீளமாக இருந்தார். மழையில் நனைந்த கோட்டோடு அவர் கதவருகே நின்றபோது, இதற்கு மேலும் ஒரு நாரை தேவையா என்று எனிட்டுக்குத் தோன்றியது. ஆனால் மனிதர் பொறுமைசாலி. சுருட்டி வைத்திருந்த படத்தை மேசையில் விரித்து நாலு மூலையிலும் டீக் கோப்பைகளை வைத்தார்.

நடுவில் ஒரு கேடயம். அதன் நீலத் தரையில் வெள்ளி நாரை. ஒரு காலைத் தூக்கி நின்றது. வாயில் எதுவும் இல்லை. அடியில் நீலமும் வெள்ளையுமாக நெளியும் பட்டைகள். அது வெல்மர் ஆறு. மேலே மதில்சுவர் போல ஒரு கிரீடம். அது நகரமன்றம். இத்தனையையும் சுற்றி, பதக்கத்தின் விளிம்பாகவே, தன் வாலைத் தானே கவ்விய தங்க விலாங்கு.

"ஒத்தக் காலைத் தூக்கி நிக்கறது விழிப்புக்கு அடையாளம்," என்றார் விண்டர். "ஊரைக் காவல் காக்குதுன்னு அர்த்தம்."

"இல்லன்னா மீன் திருட நிக்குதுன்னு அர்த்தம்," என்றார் ஆல்மா.

கார்ஃபோர்த் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இது ஏன் இடது பக்கம் பாக்குது? என் கட்சிக்கு இது ஒத்து வராதே."

"அது வலது பக்கம் சார். கேடயத்தைப் பிடிச்சிருக்கறவருக்கு வலது."

"யாரு பிடிச்சிருக்கா?"

"யாரும் இல்ல. இருக்கறதா நினைச்சுக்கணும்."

"இல்லாத ஆளுக்காக எங்க ஊர்ப் பறவை ஏன் சார் இடது பக்கம் பாக்கணும்?"

"திருப்பிப் போட்டா அது பயந்து ஓடற மாதிரி ஆயிடும் சார். எதிரிக்கு முதுகு காட்டற மாதிரி."

கார்ஃபோர்த் வாயை மூடிக்கொண்டார். அடுத்த நிமிடமே திறந்து, நாரையும் தங்கமாக இருக்கட்டும், தரையை வெள்ளியாக்கலாம் என்றார். உலோக நிறத்தின் மேல் உலோக நிறம் வைக்கக்கூடாது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பழைய காலத்தில் போர்க்களத்தில் வீரன் சொந்த ஆளையே வெட்டிவிடுவான் என்றார் விண்டர். வெல்மர் ஆற்றங்கரையில் அப்படி ஒரு ஆபத்து இப்போது இல்லை என்றார் கார்ஃபோர்த். இந்தக் கமிட்டியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை என்றார் விண்டர். எனிட் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்ததை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

கடைசியில் படத்தை இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டது. காரணம் வேறு வேறு. எங்கள் பறவைதான் நடுவில் நிற்கிறது என்று கார்ஃபோர்த் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மீன் அந்தப் பறவையைச் சுற்றி வளைத்துவிட்டது என்று ஆல்மா பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எனிட் இரண்டையும் கேட்டாள். அவளுக்கு வேண்டியது ஒரு பதக்கம், அவ்வளவுதான்.

விண்டர் போகும்போது அவளிடம் ஒன்று சொன்னார். "படம் முக்கியமில்ல மிஸ் தோர்ப். வர்ணனைதான் முக்கியம். நாரை, ஆறு, விலாங்கு வளையம்னு வார்த்தையில எழுதிக் கொடுக்கறோம் பாருங்க, அதுதான் சட்டம். வரையறவன் நாரையைக் குண்டா வரையலாம், ஒல்லியா வரையலாம். ஆனா வார்த்தையில இல்லாத ஒண்ணைச் சேர்க்கக்கூடாது."

மேயர் பதவியேற்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது பர்மிங்ஹாம் வெள்ளிப் பட்டறையிலிருந்து பெட்டி வந்தது. எனிட் கதவைச் சாத்திக்கொண்டு, டீயை ஓரமாக வைத்துவிட்டுத் திறந்தாள். வெல்வெட் துணியில் பதக்கம் மின்னியது. எனாமல் நீலம் அப்படியே மழை நின்ற வானம். விலாங்கு வளையம் செதில் செதிலாக வழவழத்தது. நாரை காலைத் தூக்கி நின்றது. அதன் வாயில் நூடுல்ஸ் போல ஏதோ தொங்கியது.

எனிட் பூதக்கண்ணாடியை எடுத்தாள். நூடுல்ஸ் இல்லை. அதற்குத் தலை இருந்தது. தலையில் கண் இருந்தது.

அவள் பட்டறைக்குப் போன் போட்டாள்.

"உங்க கவுன்சிலர்தான் மேடம் கூப்பிட்டுச் சொன்னார்," என்றார் பட்டறைக்காரர். "கமிட்டி கடைசி நேரத்துல ஒத்துக்கிச்சு, எழுத்துல அப்புறம் வரும்னார். நல்லா வந்திருக்கா? அந்தக் கண்ணைப் போட எங்க ஆளு ரொம்பக் கஷ்டப்பட்டான்."

"ரொம்ப நல்லா வந்திருக்கு," என்று சொல்லிப் போனை வைத்தாள். மாற்றிச் செய்ய இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று அதற்குள் அவர் சொல்லிவிட்டிருந்தார்.

கோட்டை மாட்டாமலே கடைவீதியில் நடந்தாள். கார்ஃபோர்த்தின் கடையில் சனிக்கிழமைக்கான கறி வாங்க வரிசை நின்றது. எனிட் வரிசையில் நிற்கவில்லை. பெட்டியை எடைத்தராசின் தட்டிலேயே வைத்துத் திறந்தாள்.

"இது என்ன கவுன்சிலர்?"

கார்ஃபோர்த் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் குழந்தை போல மகிழ்ச்சி. பிறகுதான் சுதாரித்துக்கொண்டார். "அட, அழகா இருக்கே! நாணல் குச்சி மாதிரி இருக்கு. கூடு கட்ட எடுத்துட்டுப் போகுது போல."

"நாணலுக்குக் கண் இருக்குமா?"

"எங்க? அது... ஒரு புள்ளி. எனாமல் தெறிச்சிருக்கும்."

"பட்டறையில எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்கதான் போன் பண்ணியிருக்கீங்க."

வரிசையில் நின்ற பெண்கள் கூடைகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார்கள். கார்ஃபோர்த் குரலைத் தாழ்த்தினார். "சின்ன மீன்தானே மிஸ் தோர்ப். நீங்களும் ஹெர்ன்பிப் பொண்ணுதானே. நம்ம பறவை வாய் காலியா நின்னா நல்லாவா இருக்கு? பட்டினி கிடக்கற மாதிரி இருந்துச்சு, மனசு கேக்கல."

"நான் மன்றச் செயலர். எனக்கு ஊர் கிடையாது," என்றாள் எனிட். "ஒரு குளிர்காலம் பூரா உக்காந்து பேசினோமே, அது எதுக்கு? அரசியோட முத்திரை போட்டு வந்த வர்ணனை எதுக்கு? போன்ல ரெண்டு வார்த்தை பேசி மாத்தறதுக்கா?"

"கோபப்படாதீங்க. அரைக் கிலோ சாசேஜ் கட்டித் தரட்டுமா?"

எனிட் பெட்டியை மூடினாள். சாசேஜை எடுத்து அவர் முகத்தில் வீசாமல் வெளியே வந்தது தன் பணிக்காலத்திலேயே பெரிய சாதனை என்று அவளுக்குத் தோன்றியது.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பதக்கத்தை அணியப் போகிறவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் பாலத்தைக் கடந்தாள். ராஜினாமாவை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கிடந்தன. ஆல்மா பெரிய அண்டாவில் ஒட்டிய கஸ்டர்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனிட் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

ஆல்மா கையைக் கழுவி, துடைத்து, பதக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மீனின் கண்ணைக் கட்டைவிரலால் தடவினார். எனிட் நின்றுகொண்டே இருந்தாள்.

"நான் பெரிய ஸ்கூல் உங்க ஊர்லதான் படிச்சேன், தெரியுமா?" என்றார் ஆல்மா. "அப்ப இந்தப் பக்கம் பெரிய ஸ்கூல் கிடையாது. உங்க ஊர்ப் பிள்ளைங்க ரெண்டு விரலை அலகு மாதிரி வெச்சுக்கிட்டு வந்து கிள்ளும். கையில, கழுத்துல. 'நாரை வந்துச்சு, நாரை வந்துச்சு'ன்னு. வாத்தியார் பாத்துட்டுச் சிரிப்பார். ஸ்கூல் சட்டைப் பையில இந்தப் பறவைதான் தைச்சிருக்கும். அதையே போட்டுக்கிட்டு நான் அழுதுக்கிட்டு வீட்டுக்கு வருவேன்."

வாழ்நாள் முழுக்க அந்தச் சந்தைக் கட்டடத்துக்கு அடியில் நடந்தவள் எனிட். நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் பறவைதான் தெரிந்தது. அதன் வாயில் யாரோ இருக்கிறார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"மன்னிச்சிடுங்க திருமதி டாப்ஸ். இத நீங்க போட வேண்டாம். வெறும் சங்கிலிய மட்டும் போட்டுக்கலாம். நான் மன்றத்துல சொல்லி அந்த ஆளை..."

"ஒண்ணும் சொல்லாத கண்ணு." ஆல்மா பதக்கத்தைத் திரும்ப வெல்வெட்டில் வைத்தார். "நான் போட்டுக்கறேன். பெர்சிகிட்ட நான் பாத்தேன்னு மட்டும் சொல்லாத."

"என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல. கஸ்டர்டு சுரண்டும்போது எனக்கு நல்லா யோசனை வரும். நீ போ."

அந்த வாரம் எனிட் சரியாகச் சாப்பிடவில்லை.

பதவியேற்பு நாளன்று மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. நடுவழிக்கு அந்தப் பக்கம் எல்மர்ஷ், இந்தப் பக்கம் ஹெர்ன்பி. யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்கார்ந்தார்கள். எனிட் சங்கிலியை ஆல்மாவின் தோளில் மாட்டினாள். பதக்கம் மார்பில் விழுந்ததும் முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி எல்மர்ஷ் பக்கம் முழுக்க ஓடியது. யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். கார்ஃபோர்த் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"உக்காரு டாம்," என்றார் ஆல்மா, எழுந்தவரைப் பார்த்து. "நானும் பாத்துட்டேன்." பதக்கத்தைக் கையில் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் பாருங்க. நாரை வாயில நம்ம விலாங்கு. இது இருக்கக் கூடாதுன்னு நான் குளிர்காலம் பூரா கத்தினேன். இப்ப வந்துடுச்சு. யாரு கேட்டு வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அவர் கறிக்கடை நல்லா ஓடட்டும்."

ஹெர்ன்பிப் பக்கத்திலிருந்தே முதல் சிரிப்பு வந்தது.

"நான் சமையல்காரி. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். யாரு சாப்பிடறாங்க, யாரு போடறாங்கன்னு பாப்பேன். இந்தப் பறவை இத்தனை காலமா யாரு போட்ட சாப்பாட்டுல உசுரோட நிக்குது? ஹெர்ன்பியில விலாங்கு உண்டா? அங்க இருக்கறது சந்தையும் கறிக்கடையும்தான். பாவம், பசிச்சா நம்ம கரைக்குத்தான் வரணும். அதனால இந்த மீன் இங்கயே இருக்கட்டும். இனிமே ஹெர்ன்பி மேயர் யாரு இத மாட்டினாலும், எல்மர்ஷ் சோறு போட்டுச்சுன்னு நெஞ்சுலயே எழுதி மாட்டிக்கறாருன்னு நான் எடுத்துக்கறேன்."

எல்மர்ஷ் பக்கம் காலால் தரையைத் தட்டி ஆர்ப்பரித்தது. ஹெர்ன்பிப் பெண்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பாதிரியார்கூட விழித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்து டீயும் கேக்கும் வந்தபோது எனிட் ஆல்மாவை ஒரு மூலைக்கு இழுத்துப் போனாள்.

"இதையே குளிர்காலத்துல சொல்லியிருக்கலாமே!" என்றாள். "எத்தனை கூட்டம்! நான் எத்தனை ராத்திரி தூங்கல தெரியுமா? ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்குமே!"

"அப்ப எனக்குக் கோபமா இருந்துச்சு," என்றார் ஆல்மா. "கோபம் இருக்கும்போது இதெல்லாம் தோணாது. இப்பவும் முழுசாப் போகல. கொஞ்சம் கேக் சாப்பிடு, இளைச்சுப் போயிட்ட."

எனிட் லண்டனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். வார்த்தையில் இல்லாத மீன் ஒன்று பதக்கத்தில் புகுந்துவிட்டது என்றாள். மறுமுனையில் விண்டர் நெடுநேரம் சிரித்தார். மன்றம் முறைப்படி கேட்டால் வர்ணனையில் விலாங்கைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அதற்கான தீர்மானத்தை ஆல்மாவே கொண்டுவந்தார். எதிர்த்துக் கை தூக்கியவர் கார்ஃபோர்த் மட்டும்தான்.

அந்த வருடம் முழுக்க அவர் கடையில் வியாபாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே வருகிறவர் எல்லாம், "சாப்பிட்டீங்களா பெர்சி? எல்மர்ஷ்லேர்ந்து வந்துச்சா?" என்று கேட்டார்கள். சொந்த ஊர்க்காரர்களே கேட்டார்கள். அதுதான் அவரைக் கொன்றது. தன் முறை நெருங்கியதும் ஒருநாள் எனிட்டின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அந்த மீனை எடுத்துட முடியுமா மிஸ் தோர்ப்? சின்னதா ஒரு அரம் வெச்சு ராவினாப் போதும்."

எனிட் பேனாவைக் கீழே வைத்தாள். "அது இப்ப வர்ணனையில இருக்கு கவுன்சிலர். வார்த்தையில இருக்கறத எடுக்கணும்னா மறுபடி கமிட்டி போடணும். போடட்டுமா?"

கார்ஃபோர்த் அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மேயரான முதல் மாதமே எல்மர்ஷில் அவர்களுடைய வருடாந்தர விலாங்கு விருந்து. மேயர் போயே ஆக வேண்டும். அத்தனை காலம் ஆற்றங்கரையில் வாழ்ந்தும் கார்ஃபோர்த் ஒரு துண்டு விலாங்கு தின்றதில்லை. பாம்பைத் தின்பது போல என்பார். ஆல்மா தன் கையாலேயே வெண்ணெய்ச் சாற்றில் வேகவைத்த விலாங்கை அவர் தட்டில் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். பதக்கத்தில் சாறு தெறிக்காமல் இருக்க ஒரு துண்டைக் கழுத்தில் கட்டிவிட்டார். கூடமே பார்த்துக்கொண்டிருந்தது.

கார்ஃபோர்த் ஒரு துண்டு மீனை வாயில் போட்டார். மென்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தட்டை வழித்துத் தின்றார். இரண்டாம் முறை அவராகவே தட்டை நீட்டினார். ஆல்மா இன்னொரு கரண்டி போட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டுக்கு நல்ல கறி எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்ததை எனிட் தூரத்திலிருந்து பார்த்தாள். இந்த மனுஷர்களுக்காகவா என் தலைமுடி நரைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது எனிட்தான் கார் ஓட்டினாள். பாலத்தில் ஏறும்போது கார்ஃபோர்த் வயிற்றைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு. மிளகு கொஞ்சம் தூக்கலா போட்டிருக்கலாம். எங்க ஊர்ல சமைச்சிருந்தா..."

"மேயர் அவர்களே," என்றாள் எனிட், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாயை மூடுங்க."

மன்றப் பணிக்கு வந்ததிலிருந்து அவள் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. கார்ஃபோர்த் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். கழுத்துத் துண்டை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஹெர்ன்பி வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.